நெல்லில் தாவும் மரபணுக்கள்: எந்த ரகத்தில், எப்போது விழிக்கின்றன?

கேள்வி இதுதான்: பயிரிடப்படும் நெல் ரகங்களில் தாவும் மரபணுக்கள், அதாவது டி.என்.ஏ.யில் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குப் போய் அமரக்கூடிய கூறுகள், இன்றும் இயங்குகின்றனவா? இயங்கினால், ஆண்டுதோறும் எடுத்து வைக்கும் விதையின் குணம் அதனால் மாறிவிடாதா? முதல் பகுதிக்கு ‘ஆம்’ என்றும், இரண்டாவதற்கு ‘பெரும்பாலும் இல்லை’ என்றும் சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் ‘நெல்’ என்று பொதுவாகக் கேட்கும்வரை இதற்குச் சரியான விடை கிடைக்காது. எந்தக் கூறு, எந்த ரகம், எந்தச் சூழல் என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒரு ரகத்தில் தலைமுறைதோறும் பத்துக்கணக்கில் தாவுகிற ஒரு கூறு, இன்னொரு ரகத்தில் அசையாமல் கிடக்கும். வேறொன்றில் இருக்கவே இருக்காது. நாளிதழ்க் கட்டுரைகள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதால்தான் தேவையற்ற அச்சமும் தேவையற்ற எதிர்பார்ப்பும் ஒருசேர வளர்கின்றன.

முதலில் ‘இயங்குகிறது’ என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இதற்கு மூன்று நிலைகள் உண்டு. கூறு மரபணுத்தொகுதியில், அதாவது செடியின் முழு டி.என்.ஏ.யில், இருப்பது ஒன்று. அதிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவது இன்னொன்று. உண்மையிலேயே புதிய இடத்தில் போய் அமர்வது மூன்றாவது. ஆர்.என்.ஏ. தெரிந்தது என்பதற்காகத் தாவல் நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது; இடையில் பல தடைகள் இருக்கின்றன. தாவலே நடந்தாலும் அது இலையில் நடந்ததா, அடுத்த தலைமுறைக்குப் போகும் செல்களில் நடந்ததா என்று பார்க்க வேண்டும். இலையில் நடந்தது அந்த இலையோடு முடிந்துவிடும்.

ஆய்வகத்தில் இதைச் சோதிக்கும் எளிய வழி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட இடத்தின் இரு பக்கமும் பிரைமர்கள் எனும் குட்டி டி.என்.ஏ. துண்டுகளை அமைத்து, இடைப்பட்ட பகுதியைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையைச் செய்கிறோம். அங்கே எதுவும் நுழையாத செடியில், உதாரணமாக, 300 கார இணை (டி.என்.ஏ.யின் நீள அலகு) நீளமுள்ள ஒரு பட்டை, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தெரியும். 430 கார இணை நீளமுள்ள ஒரு கூறு அங்கே நுழைந்திருந்தால் பட்டை மேலே ஏறி 730 அளவில் நிற்கும். ஒரு குரோமோசோமில் மட்டும் நுழைந்திருந்தால் இரண்டு பட்டைகளும் தெரியும். தாய்ச்செடியில் ஒரே கீழ்ப்பட்டை, அதன் தன்மகரந்தச் சேர்க்கை விதையில் முளைத்த ஒரு பயிரில் மட்டும் இரண்டு பட்டைகள் என்று கண்டால், தாவல் நடந்ததற்கு அது நேரடிச் சான்று. இப்போது முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்தி, அதாவது அதன் எழுத்துகளை வரிசையாகப் படித்து, ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். ஆனாலும் தர்க்கம் இதேதான்.

இந்தக் கூறுகளை முதன்முதலில் அடையாளம் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக். 1940களில் மக்காச்சோள மணிகளின் நிறத்திட்டுகளைத் தொடர்ந்து கவனித்து, குரோமோசோமில் இடம் மாறும் பகுதிகள் உண்டு என்று காட்டினார். நோபல் பரிசு அவருக்கு 1983இல்தான் வந்தது. மக்காச்சோளத்தின் மரபணுத்தொகுதியில் ஏறக்குறைய 85 விழுக்காடு இத்தகைய கூறுகள்தான். நெல்லில் அளவு குறைவு. நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகத்தைப் பத்து நாடுகள் சேர்ந்து வரிசைப்படுத்தி 2005இல் வெளியிட்டபோது (இந்தியாவும் அதில் பங்கேற்றது, 11ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி நம் பங்கு), சுமார் 389 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் என்பது பத்து லட்சம் கார இணை) நீளத்தில் குறைந்தது 35 விழுக்காடு தாவும் கூறுகளின் வாரிசுகள் என்று தெரிந்தது. அவற்றில் மிகப் பெரும்பான்மை சிதைந்து, உடைந்து, தாவும் திறனை என்றோ இழந்தவை.

நெற்பேரினத்திலேயே இதற்கு நேரெதிரான காட்சியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தானாக வளரும் ஒரைசா ஆஸ்திரேலியென்சிஸ் என்ற காட்டு நெல்லில் மூன்றே மூன்று ரெட்ரோடிரான்ஸ்போசான் (ஆர்.என்.ஏ. வழியே தன்னைப் படியெடுத்துப் பெருகும் தாவும் கூறு) குடும்பங்கள் பெருகி, கடந்த முப்பது லட்சம் ஆண்டுகளுக்குள் மரபணுத்தொகுதியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டன. அந்த மூன்று குடும்பங்கள் மட்டுமே அதன் டி.என்.ஏ.யில் சுமார் 60 விழுக்காடு. நாம் பயிரிடும் நெல்லின் மரபணுத்தொகுதி சிறியதாக இருப்பதற்குக் காரணம் அதில் பெருக்கம் நடக்காதது அல்ல. பெருகியவற்றைச் செடி விரைவாக வெட்டி நீக்கிக்கொண்டே இருந்தது. சேர்வதும் கழிவதும் ஒரே நேரத்தில் நடந்துவந்திருக்கிறது.

கழிப்பதற்கு முன், செடி அவற்றை அடக்கி வைக்கிறது. 24 நியூக்ளியோடைடு நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ.க்கள் தாவும் கூறுகளின் வரிசையை அடையாளம் கண்டு, அந்த டி.என்.ஏ.யின் மீது மெத்தில் குறிகள் எனும் வேதிக்குறிகளைப் பதிக்க வழிகாட்டுகின்றன. குறி பதிந்த பகுதி பொதுவாகப் படியெடுக்கப்படுவதில்லை. இந்தக் காவல் பயிரின் தோற்றத்தையே தொடுகிறது என்பதுதான் நெல் ஆய்வில் தெரியவந்த அரிய செய்தி. சீன ஆய்வாளர்கள் 2014இல், இந்தச் சிறு ஆர்.என்.ஏ.க்களை உருவாக்கும் ஒரு நொதியை நெல்லில் குறைத்துப் பார்த்தார்கள். செடி குட்டையானது, கொடியிலை விரிந்து சாய்ந்தது, கதிரின் அமைப்பு மாறியது. எந்தக் கூறும் தாவியதால் அல்ல. செடியின் உயரத்தையும் இலைக்கோணத்தையும் தீர்மானிக்கும் ஹார்மோன் மரபணுக்களுக்கு அருகே குட்டித் தாவும் கூறுகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் மீதிருந்த காவல் தளர்ந்ததும் பக்கத்து மரபணுக்களின் இயக்கமும் மாறிவிட்டது. தாவாமல் கிடக்கும் கூறும் பயிரின் உருவத்தில் பங்கு வகிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து நெல்லில் இல்லை.

இனி, உண்மையிலேயே தாவுகிறவை. முதலில் டாஸ்17. சுமார் 4,100 கார இணை நீளமுள்ள ரெட்ரோடிரான்ஸ்போசான், தன்னை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுத்து, அதை மீண்டும் டி.என்.ஏ.யாக்கி வேறிடத்தில் செருகும் வகை. நிப்பான்பாரேயில் இதற்கு இரண்டே படிகள்தான். அவற்றிலும் 7ஆம் குரோமோசோமில் இருப்பதுதான் செயல்படுகிறது. வயலில் தலைமுறை தலைமுறையாக அது அசைவதில்லை. ஆனால் விதையிலிருந்து காலஸ் (உருவம் பெறாத செல் திரள்) எடுத்து, அதை ஊடகத்தில் மாதக்கணக்கில் வளர்த்தால் மெத்தில் குறிகள் தளர்ந்து டாஸ்17 பெருகத் தொடங்குகிறது. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். காலஸிலிருந்து செடி மீண்டு வந்ததும் தாவல் நின்றுவிடுகிறது; புதிதாகச் செருகப்பட்டவை மட்டும் நிலையாகத் தங்கி, மெண்டல் விதிப்படி அடுத்த தலைமுறைக்குப் போகின்றன.

இந்த நடத்தையை ஜப்பானியர்கள் மிகத் திறமையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். காலஸ் வழியே ஏறக்குறைய 50,000 நெல் வரிசைகளை (ஒவ்வொன்றும் ஒரு செடியின் வழித்தோன்றல் தொடர்) உருவாக்கி, டாஸ்17 எங்கெங்கே புகுந்து எந்த மரபணுவை உடைத்தது என்று பட்டியலிட்டு, உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். வெளி மரபணு எதையும் புகுத்தாமல், நெல்லின் சொந்தக் கூறையே எழுப்பி உருவாக்கிய சடுதிமாற்றத் தொகுப்பு அது. நெல்லில் பல மரபணுக்களின் வேலை இன்னதென்று நமக்குத் தெரிந்தது இந்தத் தொகுப்பால்தான். திசு வளர்ப்பு வழியே புதிய வரிசைகளை உருவாக்குபவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது: காலஸிலிருந்து வந்த செடியில் எதிர்பாராத குணம் தெரிந்தால், செய்த மாற்றத்தின் விளைவு என்று உடனே முடிவுகட்டாமல், கூறு ஏதேனும் தாவியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எம்பிங். நெல்லின் தாவும் கூறுகளைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல்ல வாய்ப்பிருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

எம்பிங் 430 கார இணைகள் மட்டுமே உள்ள குட்டிக் கூறு. தாவுவதற்கான நொதியை உருவாக்கும் மரபணு அதனிடம் இல்லை. பிங் என்ற பெரிய கூறின் நடுப்பகுதி அறுந்துபோய், இரு முனைகளும் ஒட்டிக்கொண்டதால் பிறந்தது. பிங் தயாரிக்கும் நொதியின் தோளில் ஏறித்தான் அது பயணம் செய்கிறது. பிங்கின் உறவான பாங் என்ற கூறும் சில நேரம் உதவுகிறது. 2003இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே அறிவியல் இதழின் ஒரே வெளியீட்டில் இதை அறிவித்தன. ஒரு குழு நீண்டநாள் செல் வளர்ப்பில் கண்டது, இன்னொரு குழு மகரந்தப்பை வளர்ப்பில் கண்டது, மூன்றாவது குழு காமாக் கதிர் பாய்ச்சிய நெல்லில் கண்டது.

அந்த மூன்றாவது நெல் கிம்போசு என்ற ரகத்தில் வந்த ஒரு சடுதிமாற்றம். அதன் மணிகள் ஒடுங்கி மெலிந்திருக்கும், உமி குறுகியது. ஆனால் அதே செடியின் கதிரில் சில இடங்களில் மட்டும் பருத்த, வழக்கமான மணிகள் தோன்றின. ஒரே கதிரில் மெலிந்ததும் பருத்ததும் கலந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு ஏதோ ஒன்று வந்து போகிறது என்று புரிந்திருக்க வேண்டும். சோதித்தபோது, ஒரு மரபணுவின் உள்ளே எம்பிங் புகுந்திருந்ததும், அது வெளியேறிய செல்களிலிருந்து வந்த மணிகள் பழைய வடிவுக்குத் திரும்பியதும் தெரிந்தது. வெளியேறும்போது தழும்பு இல்லாமல் வெளியேறுவது எம்பிங்கின் தனிக்குணம். அதனால்தான் மரபணு முழுமையாக மீண்டது.

நிப்பான்பாரேயில் எம்பிங் சுமார் 50 படிகள். சீனத்தின் 93-11 என்ற இண்டிகா (ஆசிய நெல்லின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்று) ரகத்தில் பத்துக்கும் குறைவு. கிம்போசுவின் சில வரிசைகளிலோ நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தது. அவற்றில் ஈ.ஜி.4 என்ற வரிசையில், ஒரு செடிக்கு ஒரு தலைமுறையில் சுமார் 40 புதிய இடங்களில் எம்பிங் போய் அமர்வதாக 2006இல் கண்டார்கள். காலஸும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. சாதாரண வயலில், சாதாரண விதைப்பில். பயிரிடப்படும் ஒரு நெல் ரகத்தில் தாவல் இவ்வளவு வேகமாக நடப்பதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

இத்தனை இடங்களில் புகுந்தும் செடி ஏன் சீரழியவில்லை? 2009இல் 1,600க்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்து விடை கண்டார்கள். எம்பிங் மரபணுக்களுக்கு அருகில்தான் அமர்கிறது; ஆனால் புரதத்தைக் குறிக்கும் பகுதிகளை அநேகமாகத் தவிர்த்துவிடுகிறது. மரபணு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அமர்வதே அதன் வழக்கம். அப்படி அமர்ந்த மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. சிலவற்றின் வெளிப்பாடு கூடியிருந்தது. இன்னும் சில, குளிரிலும் உப்பிலும் மட்டும் கூடுதலாக இயங்கத் தொடங்கியிருந்தன. அதாவது, முன்பு குளிரைப் பற்றிக் கவலைப்படாத ஒரு மரபணு, எம்பிங் பக்கத்தில் வந்து அமர்ந்த பிறகு குளிருக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்கிறது. பயிர்ப்பெருக்கம் செய்பவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்: மரபணுவைக் கெடுக்காமல், அது எப்போது இயங்குவது என்பதை மட்டும் மாற்றும் வேறுபாடுகள், ஒரே ரகத்துக்குள், கலப்பே செய்யாமல் கிடைக்கின்றன.

செடியின் காவல் என்ன செய்துகொண்டிருந்தது? காவல் தூங்கவில்லை. எம்பிங்கின் மீது சிறு ஆர்.என்.ஏ.க்கள் உருவாகி மெத்தில் குறிகளும் பதிந்திருந்தன. ஆனால் எம்பிங்கும் பிங்கும் பகிர்ந்துகொள்வது இரு முனைகளை மட்டுமே. நொதியைக் குறிக்கும் நடுப்பகுதி எம்பிங்கில் இல்லை. எனவே எம்பிங்கை எவ்வளவு அடையாளம் கண்டாலும், நொதியைத் தயாரிக்கும் பிங்கின் மரபணுவை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் அதிலிருந்து பிறப்பதில்லை. 2017இல் வெளியான இந்த விளக்கத்தைப் படித்தபோது, பல ஆண்டுப் புதிர் ஒன்று அவிழ்ந்த மகிழ்ச்சி எனக்கு. ஈ.ஜி.4 வரிசையில் பிங் ஒன்றல்ல, ஏழு படிகள் இருப்பதும் அந்த நொதி தட்டுப்பாடில்லாமல் கிடைக்க ஒரு காரணம். தாவல் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கைக்குப் பின் கரு உருவாகும் ஒருசில நாட்களில் நடப்பதால், புதிய செருகல்கள் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருகின்றன.

கிம்போசு ஏதோ மூலையில் கிடந்த ரகம் அல்ல. ஜப்பானின் தொயாமா பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரிந்தெடுக்கப்பட்டுப் பரவியது. அதை அசாஹி என்ற ரகத்தோடு கலந்து நோரின் 8 என்ற ரகம் வந்தது. அந்த வழியில்தான் பின்னாளில் புகழ்பெற்ற கோஷிஹிகாரி ரகம் பிறந்தது. ஆனால் வழித்தோன்றல்கள் அனைத்தும் ஈ.ஜி.4 போலத் தாவலைச் சுமந்து திரிகின்றன என்று எண்ண வேண்டாம். அந்த நிலை ஒருசில வரிசைகளோடு நிற்கிறது.

மூன்றாவதாக என்டார்ட்1 என்ற கூறைக் குறிப்பிட வேண்டும். சுமார் 600 கார இணைகள் கொண்டது. பசுங்கணிக வேலைக்குத் தேவையான ஒரு மரபணுவில் இது புகுந்த செடியின் இலை வெளிர்மஞ்சளாகிறது. இலை வளரும்போது ஒரு செல்லிலிருந்து அது வெளியேறினால், அந்தச் செல்லின் வழிவந்த பகுதி மட்டும் பச்சைக் கோடாக நீளவாக்கில் ஓடுகிறது. கோடு அகலமாக இருந்தால் சீக்கிரமே வெளியேறியது, குறுகலாக இருந்தால் தாமதமாக வெளியேறியது. வரிசைப்படுத்தும் கருவி எதுவுமின்றி வெறுங்கண்ணால் தாவலைப் பார்க்க நெல்லில் உள்ள நல்ல வாய்ப்பு இதுதான்.

ஒற்றை ரகங்களைத் தாண்டி, உலக நெல் முழுவதையும் பார்த்தால் என்ன தெரிகிறது? பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையமும் சீன நிறுவனங்களும் சேர்ந்து 3,000க்கும் மேற்பட்ட ரகங்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கின்றன. அந்தத் தரவில் 32 ரெட்ரோடிரான்ஸ்போசான் குடும்பங்களைப் பிரான்ஸில் ஒரு குழு தேடி, 2019இல் முடிவுகளை வெளியிட்டது. ரகத்துக்கு ரகம் வேறுபடும் 50,000க்கும் அதிகமான செருகல்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை மிகச் சில ரகங்களில் மட்டுமே இருந்தன. பழைய செருகலாக இருந்தால் பல ரகங்களுக்குப் பரவியிருக்கும். ஒன்றிரண்டில் மட்டும் இருப்பதால் அவை அண்மைக்காலத்தவை, மனிதர்கள் நெல்லைப் பயிரிடத் தொடங்கிய பிறகு நிகழ்ந்தவை என்று அவர்கள் கருதுகிறார்கள். இந்த விழிப்புகளுக்குக் காரணம் காவல் மரபணுக்களில் ஏற்பட்ட கோளாறு அல்ல, வெளிச்சூழலின் தூண்டுதலாக இருக்கலாம் என்பதும் அவர்களின் முடிவு. எனவே, நெல்லின் தாவும் கூறுகள் உறைந்துபோன பழங்கதை என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டியதுதான். ஒரு ரகத்தின் வாழ்நாளில் அரிதாக நடப்பது, லட்சக்கணக்கான வயல்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கணிசமாகச் சேர்ந்துவிடுகிறது.

அப்படிச் சேர்ந்தவற்றில் உழவருக்குப் பயன்பட்ட ஒன்றைக் காட்டுகிறேன். குலைநோயை எதிர்க்கும் பிட் என்ற மரபணு நிப்பான்பாரேயிலும் இருக்கிறது; ஆனால் போதிய அளவு இயங்காததால் பயனில்லை. கே59 என்ற ரகத்தில் அதற்கு முன்னால் ரெனோவேட்டர் என்று பெயரிடப்பட்ட ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான் வந்து அமர்ந்திருக்கிறது. அந்தக் கூறின் முனைப்பகுதியே மரபணுவைத் தொடக்கிவைக்கும் பகுதியாக வேலை செய்து, செயலற்றுக் கிடந்த எதிர்ப்பை மீட்டுக் கொடுத்தது.

இதைச் சொல்லிவிட்டு உடனே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நெல்லின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தாவும் மரபணுவைக் காரணமாக்கும் பழக்கம் பரவுகிறது, அது தவறு. ஐ.ஆர்.8 குட்டையானது ஒரு மரபணுவில் 383 கார இணைகள் அறுந்துபோனதால். சிவப்பரிசி பெரும்பாலான ரகங்களில் வெள்ளையானது 14 கார இணைகள் விடுபட்டதால். பசுமைப் புரட்சியின் தலைவாசலும் நம் சோற்றின் வெண்மையும் சாதாரண நீக்கங்களின் விளைவு. தாவலின் விளைவு அல்ல.

இப்போது விதைக் கவலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பயிரிடப்படுபவை அநேகமாக எல்லாம் இண்டிகா. இண்டிகா ரகங்களில் எம்பிங் படிகள் குறைவு. அதை இயக்கும் பிங் பெரும்பாலானவற்றில் இல்லை. டாஸ்17 வயலில் உறங்குகிறது. எனவே உங்கள் பயிரில் உயரம் கூடிய, முன்னதாகப் பூத்த, நிறம் மாறிய செடிகள் தென்பட்டால் தாவும் மரபணுவைத் தேடிப் போக வேண்டாம். களத்திலும் மூட்டையிலும் அறுவடை இயந்திரத்திலும் கலந்த பிற ரக விதை, முந்தைய பருவத்தில் உதிர்ந்து தானாக முளைத்த நெல், அரிதாக நிகழும் அயல்மகரந்தச் சேர்க்கை ஆகியவையே வழக்கமான காரணங்கள். தூர் கட்டும் பருவம், பூக்கும் பருவம், முதிர்ச்சிப் பருவம் ஆகிய மூன்றிலும் வயலில் இறங்கிக் கலவன் நீக்குவது, மூன்று நான்கு பருவங்களுக்கு ஒருமுறை நம்பகமான மூலத்திலிருந்து விதையைப் புதுப்பிப்பது ஆகிய பழைய முறைகளே இதற்குப் போதும்.

சாப்பிடும் அரிசியில் தாவல் நடக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். விழிப்பு நடக்கிறது என்று சொல்லலாம்; புதிய இடத்தில் போய் அமர்வது வேறு. பாப்ரைஸ் என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் மணியின் முளைசூழ்தசையில், அதாவது நாம் உண்ணும் மாவுப் பகுதியில், விழித்து வட்ட வடிவ டி.என்.ஏ. படிகளை உருவாக்குவது 2017இல் கண்டறியப்பட்டது. முளைசூழ்தசை அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை; உண்பவருக்கும் அது மற்ற எந்த உணவிலும் உள்ள டி.என்.ஏ. போலவே செரிக்கும்.

ஒரே பெயரில் பல ஊர்களில் காக்கப்படும் நம் பாரம்பரிய ரகங்களில் மட்டும் இந்த ஆய்வுக்கு நல்ல வேலை காத்திருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா என்ற பெயரில் ஐந்து மாவட்டங்களில் வாங்கிய விதைகள் ஒரே மூலத்தவையா என்று அறிய, ரகத்துக்கு ரகம் வேறுபடும் இந்தச் செருகல்கள் சிறந்த அடையாளங்கள். ஒரு செருகல் இருக்கிறதா இல்லையா என்பது தெளிவான விடை. அதே இடத்தில் அதே கூறு தனித்தனியாக இருமுறை புகுவது மிக அரிது. மேலே சொன்ன பி.சி.ஆர். சோதனையைச் செய்ய ஒரு கல்லூரி ஆய்வகம் போதும்.